கள்ளிப் பூவைப் படமெடுத்த அக்கா

எங்கள் வீட்டு அல்பத்தின் கடைசிப் பக்கங்களில் ஆட்களே இல்லாத படங்கள் சில இருக்கின்றன. எல்லாம் முள்ளுச் செடிகள். சில உருண்டை, சில தூண் மாதிரி, சில நாகதாளி போலத் தட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு பூவாவது இருக்கும். ஒரு படத்தில் மட்டும் ஓரத்தில் ஓர் ஆணின் பெருவிரல் தெரிகிறது. அது என்னுடைய விரல்.

பிள்ளைகள், போன மாதம் அலுமாரியை ஒதுக்கும்போது இந்தப் படங்களை எறியலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டபோது எனக்குப் பேச வரவில்லை. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்று நினைத்து எழுதுகிறேன்.

படங்களை எடுத்தவர் ஓர் அக்கா. அவருடைய பெயரை எழுதவில்லை. அவர் அதை விரும்பமாட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோவில், ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் இருந்தோம். ஓர் அறையில் நானும் உங்கள் அம்மாவும், மற்ற அறையில் அந்த அக்கா. குசினி பொது. உங்களில் மூத்தவள் பிறந்து வீட்டுக்கு வந்தபோது, அம்மாவுக்குப் பிறகு அவளைத் தூக்கியது அந்த அக்காதான்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும், உங்கள் கண்ணால் பார்த்தீர்களா என்றுதான் கேட்பார்.

"கண்டனீங்களோ?"

ஒருநாள் காலை நல்ல ஸ்னோ. அக்கா வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மில்லிக்கன் பக்கம் ஒரு பேக்டரியில் பெட்டிகளுக்கு மூடி ஒட்டுகிற வேலை. "பஸ் ஓடேல்லையாம் அக்கா" என்றேன்.

"கண்டனீங்களோ?"

"ரேடியோவிலை சொன்னவை."

"அப்ப ரேடியோ கண்டதோ?" என்றுவிட்டுப் படியேறிப் போனார். நெடுநேரம் கழித்துத் தலையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வந்தார். "ஓம் தம்பி, ஓடேல்லைத்தான்." முகத்தில் வெட்கமோ கோபமோ இல்லை. இப்போது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அம்மா அவரைப் பகிடி பண்ணுவாள். "அக்கா, கறிக்கு உப்புப் போட்டிட்டன். கண்டனீங்களோ எண்டு கேக்காதேங்கோ." அக்கா அகப்பையை எடுத்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். "ஓம். போட்டிருக்கிறீர்."

இது பகிடியாகவே இருந்திருக்கலாம். ஆனால் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த மாதத்தில் அந்தக் கேள்வி வேறு மாதிரி இருந்தது. ஒருவர் போன் எடுத்து, உங்கள் அப்பம்மா வழியில் செத்துப்போய்விட்டதாக என்னிடம் சொன்னார். நான் குசினித் தரையில் குந்திவிட்டேன். அம்மா அழுதாள். அக்கா என் கையிலிருந்த ரிசீவரை வாங்கினார்.

"தம்பி, நீங்கள் கண்டனீங்களோ? இல்லை. அப்ப ஆர் கண்டது? அவருக்குச் சொன்னது ஆர்? அவர் கண்டவரோ? சரி, அவருடைய நம்பரைத் தாங்கோ."

இப்படி ஒருவரிலிருந்து இன்னொருவருக்கு எடுத்துக்கொண்டே போனார். கடைசியில் ஒருவர், ஒரு கிழவியைப் பாலத்தடியில் படுத்திருக்கக் கண்டதாகவும், அது உங்கள் அப்பம்மாவைப் போல இருந்ததாகவும் சொன்னார். "போல இருந்தது" என்று அக்கா எங்களுக்குத் திருப்பிச் சொன்னார். "கண்டது ஒரு ஆளை. சொன்னது இன்னொரு ஆளை. எழும்பும் தம்பி, முகத்தைக் கழுவும்." சில வாரங்களில் அப்பம்மா கிளிநொச்சியில் இருப்பதாக அவருடைய கையெழுத்திலேயே கடிதம் வந்தது. அக்கா அதை வாங்கி எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். சந்தோசப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் அதெல்லாம் அதிகம் தெரியாது. வெயிலில் கிடந்த துணி மாதிரி, நிறம் போன முகம்.

இனி அக்காவிடம் இருந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா முதலில் கனடா வந்துவிட்டார். அவருடைய கணவர் பின்னால் வரவேண்டியவர். ஓர் ஏஜென்ட் அவரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். சில மாதங்களில் ஏஜென்டின் ஆள் ஒருவன் ஒரு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "இந்தா பாருங்கோ, மெக்சிக்கோவிலை நிக்கிறார். இன்னும் ஒரு போர்டர்தான்." அதற்குப் பிறகு கணவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. ஏஜென்டின் போனும் வேலை செய்யவில்லை.

படத்தில் அவர் கட்டம் போட்ட சேர்ட்டோடு, இடது கையைப் பொக்கற்றில் விட்டுக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அவரைவிட உயரமாக ஒரு முள்ளுச் செடி. கிளைகள் கைகளைத் தூக்கியது போல மேலே போகின்றன. கிளை விளிம்புகளில் சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பின்னால் மலைச்சரிவு முழுக்க அதே செடி.

ஒரு வருடம் போக இன்னொரு கதை வந்தது. அந்த ஏஜென்டின் ஆட்களை ஆபிரிக்காக் கரையில் ஒரு படகில் ஏற்றினார்களாம். படகு எங்கேயும் போய்ச் சேரவில்லையாம். அக்கா வழக்கம் போல ஒவ்வொருவராகத் தேடிக் கேட்டார். கண்டவர் ஒருவரும் இல்லை.

பிள்ளைகள், இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள். அந்தப் படம் மெக்சிக்கோவில் எடுத்ததென்றால் அவர் எங்காவது ஒரு சிறையில் மறியலில் இருக்கலாம், ஒருநாள் வரலாம். ஆபிரிக்காவில் எடுத்ததென்றால் அந்தப் படகுதான். படத்தில் ஊர்ப் பெயர் இல்லை, கடைப் பலகை இல்லை, வேறு மனிதர் இல்லை. அந்தச் செடி ஒன்றுதான் இருந்தது.

நகரத்தின் நடுவில் ஒரு பூங்கா. அதற்குள் பெரிய கண்ணாடி வீடு. யாரும் சும்மா போய்ப் பார்க்கலாம். அதில் ஒரு கூடம் முழுக்கப் பாலைவனச் செடிகள். ஒவ்வொரு வசந்தத்திலும், ஞாயிற்றுக்கிழமைகளில், என் பழைய காரில் அக்காவை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். ரோட்டோரம் அழுக்கு ஸ்னோ இன்னும் குவிந்து கிடக்கும்.

ஏன் வசந்தத்தில் மட்டும் என்று கேட்டேன்.

"பூக்காமல் நிண்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தம்பி. பூத்தால்தான் ஆரெண்டு தெரியும்."

குளிருக்குள்ளிருந்து அந்தச் சூட்டுக்குள் போனவுடன் என் மூக்குக்கண்ணாடியில் புகார் படிந்து மங்கிவிடும். கமராவின் கண்ணும் அப்படித்தான். அதனால் அக்கா காரில் வரும்போதே கமராவைச் சுவெற்றருக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு வருவார். முதல் வருடம் அமத்தினால் தானே எடுக்கிற சின்னக் கமரா. கிட்டப் போய் எடுத்ததெல்லாம் கலங்கல். படம் கழுவுகிற கடைப் பெண் எல்லாவற்றிலும் 'பழுது' என்று ஸ்ரிக்கர் ஒட்டித் தந்தாள். அடுத்த வருடம் ஒரு கராஜ் சேலில், கண்ணைக் கையால் திருப்புகிற பழைய கமரா ஒன்றை வாங்கினார். பிளாஷ் வெளிச்சத்தில் முள்ளெல்லாம் வெள்ளையாக எரிந்து போனதால் அதன் மேல் முகம் துடைக்கிற ரிசுப் பேப்பர் ஒன்றை மடித்து ஒட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எது கெட்டதென்று பார்த்து, அடுத்த முறை அதை மட்டும் மாற்றினார்.

ஆட்கள் நிற்கும்போது எடுக்கமாட்டார். ஒருநாள் ஒரு பெரிய தூண் செடிக்குப் பின்னால் ஓர் இளம் சோடி ஒட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் போகிற மாதிரித் தெரியவில்லை. அக்கா கமராவைக் கண்ணில் வைத்தபடியே நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"அக்கா, அவை நிக்கட்டுமே. எடுத்துப்போட்டு வாங்கோவன்."

"ஆள் நிண்டால் கண் ஆளைத்தான் பாக்கும் தம்பி. செடியைப் பாராது." கமராவை இறக்காமல் சொன்னார். "அந்தப் படத்தை ஒரு மாதமா ராப்பகலாப் பாத்தனான். அவரைத்தான் பாத்தன். செடியை நான் காணவே இல்லை."

படங்கள் கழுவி வந்த அன்று பின்னேரம், குசினி மேசையில் ஒவ்வொன்றாக வைப்பார். கணவரின் படத்தை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நகர்த்துவார். "இது இல்லை." அடுத்தது. "இதுவும் இல்லை." மெக்சிக்கோ, அமெரிக்காப் பக்கத்துச் செடிகள் பூத்தால் பெரிய பூ, ரோசா, வெள்ளை, சிவப்பு. பார்க்க வடிவு. அம்மா ஒன்றை எடுத்து, "அக்கா, இதை பிரேம் பண்ணி மாட்டலாம்" என்பாள். "எடும்" என்பார் அக்கா. தேவையில்லாத படங்கள் எங்கள் அல்பத்துக்குள் வந்தது அப்படித்தான்.

அவரைக் குழப்பவும் ஆட்கள் இருந்தார்கள். மில்லிக்கன் பிளாசாவில், மரக்கறிக் கடை வாசலில் வைத்து ஒருவர் மறித்தார். "தங்கச்சி, உம்முடைய மனுசனை நான் பிராங்பேர்ட்டிலை கண்டனான்."

அக்கா கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். "முகத்தைக் கண்டனீங்களோ?"

"ஓம், ஓம்."

"தழும்பு எந்தப் பக்கம்?"

அவர் யோசித்தார். "நான் பின்னாலை இருந்துதான் கண்டனான். நடை அவர்தான்."

"சரி" என்றார் அக்கா. முருங்கைக்காயை எடுத்து நிறுக்கக் கொடுத்தார். காரில் வரும்போது நான் ஆத்திரத்தோடு அந்த மனிதனைப் பேசினேன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தழும்பே இல்லை, தம்பி" என்றார். "ஆனால் அவர் வலப்பக்கம் எண்டு சொல்லியிருந்தாலும் நான் ஒருக்கால் யோசிச்சிருப்பன்."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. அவர் எதையும் நம்பாத மனுசி என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

கடைசி வசந்தம் தொடங்க முன்னர் மிசிசாகாவிலிருந்து அக்காவின் கணவரின் தம்பி வந்தார். விமான நிலையத்தில் வேலை. நல்ல பிள்ளை. ஒரு பெட்டி பிஸ்கற்றோடு வந்து கதிரை நுனியில் இருந்தார். அவருடைய கல்யாணம் வருடக்கணக்காகத் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. அண்ணன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாள் வைக்க முடியாது. இல்லையென்றால் கிரியை செய்து, ஆட்டைத் திவசம், அதாவது முதல் வருடத் திவசம், முடிய வேண்டும். ஊரில் தாயாருக்கும் வருத்தம் கடுமை.

"அண்ணி, நான் உங்களை நெருக்கேல்லை. அம்மா கண்ணை மூட முந்தி ஒரு முடிவு கேக்கிறா. அந்தப் படகுக் கதையை எல்லாரும் சொல்லீனம்."

"எல்லாரும் சொல்லீனம். ஆரும் கண்டதோ?"

"அண்ணி, கடலிலை நடந்ததை ஆர் அண்ணி காணுறது?"

அக்கா பிஸ்கற் பெட்டியை மேசை நடுவுக்கு நகர்த்தினார். தம்பியார் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். படியடியில் நின்று, "இந்த முறை பூத்து முடியட்டும்" என்று அக்கா சொன்னார். "அதுக்குப் பிறகு சொல்லுறன்."

வசந்தம் வந்த பிறகு ஒரு ஞாயிறு. கண்ணாடி வீட்டில் கூட்டம் இல்லை. அக்கா அமெரிக்காப் பக்கத்துச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒன்றையும் எடுக்கவில்லை. கடைசிச் செடியடியில் நின்று திரும்பினார். கதவுக்கு மற்றப் பக்கம், மூலையில், ஆபிரிக்கச் செடிகளுக்கென்று சின்னப் பாத்தி ஒன்று இருக்கிறது. இத்தனை வருடமும் அக்கா அதைக் கடந்துதான் உள்ளே வருவார், கடந்துதான் வெளியே போவார். ஒருநாளும் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியதில்லை. அதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அன்றைக்கு அவர் நேரே அங்கே போனார்.

என்னைவிட உயரமான செடி. கைகளைத் தூக்கியது போலக் கிளைகள். விளிம்பு நெடுக, ஒட்டினது ஒட்டினபடி, சின்ன மஞ்சள் பூ.

அக்கா சுவெற்றரில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றி, கிளையின் அடியில் மெதுவாகக் குத்தினார். வெள்ளையாக ஒரு துளி வந்து நின்றது.

"பால்" என்றார்.

எங்கள் ஊரில் வேலிக் கள்ளியை ஒடித்தால் பால் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கண்ணில் படவிடாதே என்று சொல்லித்தான் வளர்ப்பார்கள். அமெரிக்காப் பக்கத்து முள்ளுச் செடிகளில் அந்தப் பால் இல்லை, அந்தப் பூவும் இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை வேறு சாதி.

"எனக்கு முதல் வருசமே தெரியும் தம்பி" என்றார் அக்கா. குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "வேலி முழுக்கக் கள்ளி நிண்ட வீட்டிலை பிறந்தனான். உந்தப் பூ எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் அக்கா இவ்வளவு நாளும் அமெரிக்காப் பக்கம் நிண்டு பாத்தனீங்கள்?"

"அந்தப் பக்கத்திலையும் ஒண்டு இப்பிடிப் பூக்காதோ எண்டு பாத்தன். ஒண்டே ஒண்டு. கண்டால் போதும் எண்டு."

நான் எதையாவது சொல்லவேண்டும் என்று தேடினேன். "அக்கா, ஆபிரிக்காச் செடியெண்டால் ஆபிரிக்காவிலைதான் நிக்கவேணுமெண்டு இல்லையே. இஞ்சை ரொறன்ரோவிலையும் நிக்குதுதானே. மெக்சிக்கோவிலும் ஆரும் நட்டிருப்பினம்."

அவர் கைப்பைக்குள் இருந்து கணவரின் படத்தை எடுத்து என்னிடம் தந்தார். "பின்னாலை பாரும். மலை முழுக்க நிக்குது. அவ்வளவையும் ஆர் நட்டது?"

நான் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன்.

"அதைப் பூவுக்குப் பக்கத்திலை பிடியும். ஆடாமல் பிடியும்."

பிடித்தேன். அவர் பூவைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், திரும்பப் பூவைப் பார்த்தார். கமராவின் கண்ணைக் கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் திருப்பினார். ஒரு முறை அமத்தினார். மற்ற நாட்களில் ஒரு றோல் முடியும் வரை எடுப்பவர், அன்றைக்கு அந்த ஒன்றோடு கமராவை மூடிவிட்டார். லேஞ்சியால் கிளையில் இருந்த பாலைத் துடைத்தார். பிறகு லேஞ்சியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

வீட்டுக்கு வந்து, காலையில் ஊறப்போட்ட உடுப்பைத் தோய்த்தார். பாணும் சம்பலும் சாப்பிட்டார். மூத்தவள் அழுதபோது தூக்கி வைத்திருந்தார். பிறகு மிசிசாகாவுக்குப் போன் எடுத்து, "தம்பி, செய்யுங்கோ" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டபோது அவர் நெற்றியில் பொட்டு இல்லை. அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

கிரியைக்குப் படம் ஒன்றைப் பெருப்பிக்க வேண்டும். தம்பியாரிடம் வேறு நல்ல படம் இருக்கவில்லை. "அண்ணி, ஸ்ரூடியோவிலை செடியை வெட்டி எடுத்துப்போட்டு, பின்னுக்கு நீலம் போட்டுத் தருவினமாம். வடிவா இருக்கும்."

"செடி நிக்கட்டும்."

"சனம் என்ன நினைக்கும் அண்ணி? முள்ளுச் செடிக்குப் பக்கத்திலை..."

"நான் கண்டது அதைத்தான், தம்பி."

செடியோடுதான் மாலை போட்டார்கள்.

பிக்கரிங் பக்கம் ஏரிக்கரையில் கிரியை நடந்தது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் கட்டிச் செய்வார்கள். ஏரிக்காற்று அந்தத் தர்ப்பையைத் திரும்பத் திரும்பத் தூக்கியது. நான் ஒரு கல்லை எடுத்து மேலே வைத்தேன். ஐயர் பஞ்சாங்கத்தைத் திறந்து, "என்ன திதி?" என்று கேட்டார். வருடா வருடம் திவசம் செய்ய ஒரு நாள் வேண்டும். எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்?

"பறவாயில்லை" என்றார் ஐயர். "நாள் தெரியாட்டி, செய்தி கேட்ட நாளை வைக்கலாம். நீங்கள் எப்ப கேள்விப்பட்டனீங்கள் அம்மா?"

தம்பியார் படகுக் கதை வந்த மாதத்தைச் சொல்ல வாய் எடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேட்ட நாள் வேண்டாம் ஐயா. கண்ட நாளை வையுங்கோ."

ஐயருக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அவர் விரலால் கீழே கீழே தேடித் திதியைக் கண்டுபிடித்து, தர்ப்பைக்குத் தண்ணீர் தெளித்தார். அதுதான் அவருடைய திதி. கள்ளி பூத்த ஞாயிறு.

அடுத்த வசந்தத்தில் ஸ்னோ கரைந்த ஒரு ஞாயிறு, பழக்க தோசத்தில் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"போவமோ அக்கா?"

நிமிர்ந்து பார்த்தார். "பாத்தாச்சுத்தானே, தம்பி." திரும்ப வெங்காயத்தை எடுத்தார்.

அந்தக் கோடையில் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது கமராவைக் கொண்டுபோகவில்லை. கடைசிப் படத்தையும் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு புதுவருடத்துக்குப் போன் எடுத்தார். பிறகு இல்லை. இப்போது எங்கே இருக்கிறார் என்று சிலர் சில கதை சொல்கிறார்கள். ஒருவரும் கண்டதில்லை.

ஆகவே பிள்ளைகள், அவற்றை எறிய வேண்டாம். பெருவிரல் தெரிகிற படத்தை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பூ அப்படியே துல்லியமாக இருக்கிறது. அதன் விளிம்புகூடத் தெரிகிறது. என் விரலும் நான் பிடித்திருந்த படமும் மட்டும் கலங்கிப்போயிருக்கின்றன. ஆடியது என் கைதான். அவருடைய கை ஆடவில்லை.